பி.எஸ்.5ஆ, பி.சியா, வி.ஆரா? மலையகத்து வீட்டில் வைத்துப் பார்த்தால்

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து ஊருக்கு வருகிற தம்பிமாரில் வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். "அண்ணே, கையில ரெண்டு லட்சம் இருக்கு. பி.எஸ்.5 எடுக்கவா, பி.சி ஒண்ணு அடிக்கவா, இல்ல அந்த மூஞ்சில மாட்டுறதை வாங்கவா?" கேம் ஆட எது நல்லது என்பதுதான் கேள்வி: டீவியில் மாட்டுகிற பிளேஸ்டேஷன் 5 கன்சோலா, கம்ப்யூட்டரா, முகத்தில் மாட்டுகிற வி.ஆரா. யூடியூபில் ஐம்பது வீடியோ பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அதில் எல்லாம் பிரேம் ரேட், ரே ட்ரேசிங், 4கே என்று படத்தின் தரத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்த வீடியோ எடுத்தவர் வீட்டில் இடி இடித்தால் அம்மா ஓடிவந்து எல்லா பிளக்கையும் பிடுங்குவதில்லை, ஏழு மணிக்கு சீரியலுக்காக டீவியை விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. எனவே நான் வேறு கணக்குப் போடுகிறேன்.

எதை வைத்து அளக்கிறேன்

கிராபிக்ஸை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. இன்றைக்கு மூன்றிலுமே அது போதும். நான் பார்ப்பது நாலு விஷயம்: கரண்ட், கேம் வீட்டுக்கு வந்து சேரும் வழி, வீட்டில் இருக்கிற இடம், பழுதானாலோ அலுத்துப்போனாலோ அதை என்ன செய்யலாம் என்பது.

கரண்டில் இரண்டு சிக்கல். ஒன்று இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் மலைக்குமேல் கறுத்தால் அவ்வளவுதான். என் பழைய பி.எஸ்.4 போனது அப்படித்தான். சுவர் சுவிட்சை அணைத்தேன், போதும் என்று நினைத்தேன். சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும் என்பது அன்றைக்குத் தெரியாது. கூரையில் இருந்த டிஷ்ஷின் வயரையும் கழற்றவில்லை. இடி டிஷ் வழியாக டீவிக்கு வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ வயரில் இறங்கிவிட்டது. காலையில் போட்டுப் பார்த்தால் நீல லைட் எரிகிறது, பீப் சத்தம் கேட்கிறது, படம் மட்டும் வரவில்லை. கண்டியில் ஒரு கடையில் போர்ட்டையும் அதற்குரிய சிப்பையும் மாற்றித் தந்தார்கள். இரண்டு மாதத்தில் திரும்பவும் போனது. அதிலிருந்து பிளக், எச்.டி.எம்.ஐ, டிஷ் வயர், ரவுட்டர் எல்லாமே கழற்றித் தரையில் கிடந்தால்தான் எனக்குத் தூக்கம்.

இரண்டாவது, கரண்ட் பில். வீட்டு மீட்டர் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும். ஆகவே "கேமுக்கு எவ்வளவு கரண்ட் போகப்போகிறது" என்று கேட்காதீர்கள். "அது என்னை 60க்கு மேலே தள்ளுமா" என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் விளையாடினால் மாதக் கணக்கு சுமாராக இப்படி வரும்:

| எது | விளையாடும்போது | மாதத்துக்கு |
|---|---|---|
| பி.சி, மொனிட்டரோடு | 350 வாட் | 31–32 யூனிட் |
| பி.எஸ்.5, சின்ன எல்.இ.டி டீவியோடு | 250 வாட் | 22–23 யூனிட் |
| கேமிங் லெப்டொப் | 150 வாட் | 13–14 யூனிட் |
| குவெஸ்ட் மாதிரி தனியாக ஓடும் வி.ஆர் | சார்ஜ் மட்டும் | 1–2 யூனிட் |

அடுத்தது கேம் வந்து சேரும் வழி. யூடியூப்காரர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இன்றைக்குப் பெரிய கேம் ஒன்று 100 ஜி.பி. மலைக்கு அந்தப் பக்கம் டவர் இருக்கிற வீட்டில் 4ஜி நல்லாக இருக்கிற நாளில் 10 எம்.பி.பி.எஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்காமல் ஓடினாலே 22 மணி நேரம். டேட்டா காசு தனி. நடுச்சாமத்துக்கு மேல் தருகிற நைட் டேட்டாவை நம்பி அலாரம் வைத்து எழும்பி டவுன்லோட் போட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். டவுனில் ஃபைபர் இருக்கிற வீட்டுக்காரர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம், உங்களுக்கு வேறு உலகம்.

கன்சோல்

2025 ஆகஸ்டில் டிஸ்க் போடுகிற பி.எஸ்.5இன் அமெரிக்க விலை 549.99 டொலருக்கு ஏறியது. டொலர் 300 ரூபா என்று பிடித்தாலே 165,000. அதற்குமேல் இங்கே வந்து சேருகிற செலவும் வரியும் கடைக்காரர் இலாபமும் இருக்கிறது. சரி, பெட்டியை வாங்கிவிட்டீர்கள். புதுக் கேம் ஒன்று 70 டொலர், அதாவது 21,000 ரூபா. எங்கள் அம்மா இந்தக் கணக்கைப் பேரில்தான் போடுவார், தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தபோது விரலை மடக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பதினஞ்சு பேருக்கு மேல வருதே, ஒரு சீடிக்கா?"

ஆனால் அந்த சீடிதான் கன்சோலை எங்கள் ஊரில் காப்பாற்றுகிறது. 21,000க்கு வாங்கிய டிஸ்க்கை முடித்துவிட்டு நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம், இல்லாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் ஒரு ஏழெட்டுப் பேர் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா என்று சிதறி இருக்கிறோம். டிஸ்க்கைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, பெயரையும் போன் நம்பரையும் எழுதித் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் தலவாக்கலையில் இறங்கிவிடும். 100 ஜி.பி ஒரு மணி நேரத்தில்! எந்த ரவுட்டரும் அந்த வேகத்தை எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து லைன் வீட்டுக்கு, கொண்டுவரவில்லை. அப்டேட் என்று கொஞ்சம் டவுன்லோட் இருக்கத்தான் செய்யும், சில கேமுக்கு அதுவே இருபது முப்பது ஜி.பி வரும், ஆனாலும் முழுக் கேமை இழுப்பதற்கு இது எவ்வளவோ பரவாயில்லை.

ஆகவே இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: டிஸ்க் போட வழியில்லாத பெட்டியை மலைநாட்டுக்கு ஏற்றாதீர்கள். டிஜிட்டல் பி.எஸ்.5 சில ஆயிரம் குறைவு என்பதால் கை போகும். பி.எஸ்.5 புரோவிலும் டிஸ்க் டிரைவ் இல்லை, தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் நல்ல சின்னப் பெட்டி, அதிலும் டிஸ்க் இல்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் பஸ்ஸில் விளையாட அருமையானது, ஆனால் கார்ட்ரிட்ஜ் மாற்றிக்கொள்ள இந்தப் பக்கம் ஆள் கிடைப்பது கஷ்டம்.

மறைந்திருக்கிற செலவுக்கு வருவோம். காசு கொடுத்து வாங்கிய கேமை ஒன்லைனில் மற்றவர்களோடு விளையாட பி.எஸ் பிளஸ் சந்தா வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவசக் கேம்களுக்கு வேண்டாம். பி.எஸ்.என் என்கிற பிளேஸ்டேஷன் ஒன்லைன் கணக்குத் திறக்கும்போது வருகிற நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை, அதனால் எல்லோரும் வேறு நாட்டைப் போட்டுத் திறக்கிறார்கள். அப்படித் திறந்தால் அந்த நாட்டு கிஃப்ட் கார்டுதான் செல்லும். அப்புறம் இன்னொன்று: டிஸ்க் ஒரு பிராந்தியம், கணக்கு இன்னொரு பிராந்தியம் என்றால் அந்தக் கேமுக்கு வாங்குகிற கூடுதல் பகுதிகள் வேலை செய்யாமல் போகலாம். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கும்போது உறையின் முதுகுப் பக்கத்தைத் திருப்பி எந்தப் பிராந்தியம் என்று பாருங்கள்.

முதல் பி.எஸ்.5இல் 825 ஜி.பி என்று எழுதியிருந்தாலும் கைக்கு வருவது 667தான். யு.எஸ்.பி ஹார்ட் டிஸ்க்கில் பி.எஸ்.5 கேமை வைத்துக்கொள்ளலாம், அதிலிருந்து விளையாட முடியாது, உள்ளே மாற்றித்தான் ஆடவேண்டும். பி.எஸ்.4 கேமை மட்டும் வெளியிலிருந்தே ஓட்டலாம்.

யாரும் சொல்லாத இன்னொரு விஷயம் கரப்பான். குளிர் ஊரில் இரவு முழுக்க இளஞ்சூடாக இருக்கிற பெட்டி என்றால் அதற்கு அரண்மனை மாதிரி. பழைய பி.எஸ்.4 வாங்கப் போனால் டோர்ச் அடித்து ஓட்டை வழியாக உள்ளே பாருங்கள், கேவலமாக நினைத்தாலும் பரவாயில்லை. முழுக்க அணைக்காமல் ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டுத் தூங்குகிற பழக்கத்தையும் விடுங்கள்.

ஒரு நல்ல விஷயம்: பி.எஸ்.5க்குப் போகிற பவர் வயரில் எர்த்தே கிடையாது, இரண்டு கம்பிதான். எர்த் சரியில்லாத பழைய லயத்து வயரிங்கில் இது எவ்வளவு நிம்மதி என்பது பி.சி வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும்.

பி.சி

ஏனென்றால் பி.சியின் கேஸைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். பவர் சப்ளைக்குள் இருக்கிற ஃபில்டர் கொஞ்சூண்டு கரண்டை எர்த்துக்கு அனுப்பும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. எர்த் இல்லை என்றால் அது கேஸிலேயே நிற்கும், ஈரத் தரையில் வெறுங்காலோடு நீங்கள் தொட்டதும் உங்கள் வழியாக இறங்கப் பார்க்கும். பி.சி வாங்குகிற காசில் முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்கு, ஒரு எர்த் கம்பி அடிக்க. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இரண்டாவது செலவு யு.பி.எஸ். 650 வி.ஏ என்று விற்பது உண்மையில் 360 வாட் அளவுதான் தாங்கும், அதுவும் சில நிமிடம். கேமை சேவ் பண்ணி ஒழுங்காக அணைக்கத்தான் அது, தொடர்ந்து ஆட இல்லை. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுக்க இருட்டானது என்றார்கள். அன்றைக்கு அந்தச் சில நிமிடம் என் பக்கத்து லைன் பையனுடைய ஏ.எல் ப்ராஜெக்டைக் காப்பாற்றியது. அது கேம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பி.சியின் முழு நியாயமும் அங்கேதான் இருக்கிறது. படிப்பு, டிசைன், வீடியோ எடிட்டிங், வீட்டிலிருந்தே ஒன்லைன் வேலை என்று ஏதாவது ஒன்று அதில் நடக்கும் என்றால் கன்சோலை மறந்துவிடுங்கள். அப்பாவிடம் காசு கேட்பதும் சுலபம்.

கேம் விலையில் பி.சிதான் ராஜா. ஸ்டீம் என்கிற ஒன்லைன் கேம் கடையில் எங்களுக்கு டொலரில்தான் விலை, ஆனால் தெற்காசியாவுக்கு என்று தனி டொலர் விலை இருக்கிறது, பல கேம்கள் அமெரிக்க விலையை விட நன்றாகக் குறைவு. வாங்கி 14 நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பித் தருவார்கள். எபிக் என்கிற இன்னொரு கடையில் 2018 டிசம்பரிலிருந்து இலவசக் கேம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்லைனில் ஆடச் சந்தா கிடையாது. ஸ்டீம் கேம் டிஸ்க்கில் வராது என்று சொல்வீர்கள், ஆனால் ஹார்ட் டிஸ்க் பஸ்ஸில் வரும்! நண்பனும் அதே கேமை வாங்கியிருந்தால் அவனுடைய ஸ்டீம் ஃபோல்டரிலிருந்து கேமின் ஃபோல்டரைக் கொப்பி பண்ணி உங்கள் பி.சியில் அதே இடத்தில் வைத்து இன்ஸ்டோல் கொடுங்கள். ஸ்டீம் இருக்கிறதைச் சரிபார்த்துக் குறைகிறதை மட்டும் இழுக்கும். விற்க முடியாது என்பது மட்டும்தான் குறை. ஸ்டீமில் வாங்கியது செத்தாலும் உங்களோடுதான்.

இரண்டு லட்சத்துக்குப் புது கேமிங் பி.சி என்பது முன்பு நடந்த கதை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில், ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில், அந்தக் கணக்கெல்லாம் குழம்பிவிட்டது. எனவே நிறையப் பேர் போவது பழைய ஒபிஸ் பி.சிக்கு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் வரிசையாக இருக்கும், பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கிற ப்ராசஸர் இன்டெல் ஐ5 6ஆம், 7ஆம் தலைமுறை என்றால் கவனம்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11க்கு இன்டெல் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். அதோடு இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை சின்னது, தனி கரண்ட் வயர் கேட்கிற பெரிய கிராபிக்ஸ் கார்டு போடமுடியாது. ஜி.டி.எக்ஸ் 1650இல் வயர் கேட்காத மாடல் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள், 75 வாட்டில் மதர்போர்டிலிருந்தே ஓடும். அதில் வலோரண்ட், ஜி.டி.ஏ 5, கிரிக்கெட் எல்லாம் தாராளமாக ஆடலாம்.

வலோரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. அது ஒன்லைன் ஆட்டம், சேர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோதான். உங்கள் 4ஜி சாயங்காலம் ஏழு மணிக்கு மூச்சு வாங்கும் என்றால் நாலு லட்சம் ரூபா பி.சியும் அதைக் காப்பாற்றாது. எந்த வேகமான பெட்டியும் பிங்கை, அதாவது சேர்வருக்குப் போய்த் திரும்ப ஆகிற நேரத்தை, குறைக்காது.

பழுது? ஒவ்வொரு பாகமாக மாற்றலாம் என்பது பெரிய வசதி. ஆனால் வாரண்டிக்கு அந்தப் பாகத்தைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய்வர ஒரு நாளும் பஸ் காசும் சாப்பாடும் போகும். என் முதல் கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை கடைக்காரர் "கொழும்புப் பக்கமே ரூம் எடுத்துத் தங்கிருங்க மல்லி (தம்பி)" என்றார்.

வி.ஆர்

கத்தாரிலிருந்து வந்த நண்பன் ஒருவன் கொட்டகலையில் மெட்டா குவெஸ்ட் 3எஸ் ஒன்றைத் தலையில் மாட்டிவிட்டான். ஜனவரி மாதக் காலை, நல்ல குளிர். மாட்டின உடனே ஒன்றுமே தெரியவில்லை, பனிமூட்டத்துக்குள் நடக்கிற மாதிரி. பழுதோ என்று பார்த்தால் என் முகத்துச் சூட்டில் லென்ஸில் ஆவி படிந்திருக்கிறது. கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டி, பத்து நிமிடம் கழித்துத்தான் சரியானது. அதற்குப்பிறகு, உண்மையைச் சொல்கிறேன், வேறு எதிலும் அப்படி ஒரு அனுபவம் கிடைக்கவில்லை. ஐபி கிரிக்கெட்டில் பந்து முகத்துக்கு நேராக எழும்பியபோது நிஜமாகவே குனிந்தேன். அடுத்த பந்தைத் தூக்கி அடித்ததில் கை போய்த் தொங்குகிற பல்பில் மோதியது. பல்பு தப்பியது, ஹோல்டர் போனது.

இடம்தான் இங்கே முதல் பிரச்சினை. நின்று ஆடுகிற கேமுக்கு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வெறும் தரை கேட்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் கட்டிலும் அலுமாரியும் போனால் மிச்சம் எங்கே? உட்கார்ந்து ஆடுகிற கேம்களும் இருக்கின்றன, ஆனால் அதற்காகவா இவ்வளவு காசு. முற்றத்தில் ஆடலாம் என்று சில பேர் கேட்கிறார்கள். வேண்டாம். வெயில் லென்ஸ் வழியாக உள்ளே விழுந்தால் பூதக்கண்ணாடியில் தாள் எரிவது மாதிரி திரையில் பொட்டுப் பொட்டாக எரிந்துவிடும். எங்கள் ஊரில் இது இன்னும் ஆபத்து. ஒரு வாரம் மழைக்குப்பிறகு கொஞ்சம் வெயில் அடித்தால் கம்பளி, சப்பாத்து, பாய் எல்லாவற்றையும் வெளியே போடுவது எங்கள் வழக்கம். யாராவது நல்லெண்ணத்தில் "இதுவும் ஈரமா இருக்கு" என்று அதையும் காயப்போட்டால் முடிந்தது. ஈரத்துக்கு வெயில் வேண்டாம், மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அப்படி வைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், கெமரா வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கரண்டில் மட்டும் இதை அடிக்க ஆள் இல்லை. மின்சாரம் போனாலும் பேட்டரியில் இரண்டு மணி நேரம் ஓடும். வேடிக்கை என்னவென்றால், கையையும் அறையையும் அது கெமராவால் பார்ப்பதால் வெளிச்சம் வேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தடுமாறிப்போகும்.

விலை 128 ஜி.பி குவெஸ்ட் 3எஸ்ஸுக்கு 299.99 டொலர் என்று அறிமுகமானது, மூன்றில் மலிவு மாதிரித் தெரியும். ஆனால் மெட்டா இலங்கையில் நேரடியாக விற்பதில்லை, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததுதான் இங்கே கிடைக்கும், கடைக்காரர் தருகிற வாரண்டி அவருடைய வாய்ச்சொல் அளவுதான். கேம் எல்லாம் டவுன்லோட், டிஸ்க் என்ற பேச்சே இல்லை. பிளேஸ்டேஷனுடைய பி.எஸ்.வி.ஆர்2க்குப் பி.எஸ்.5ஓ, தனி அடாப்டரோடு ஒரு பி.சியோ வேண்டும். ஹாஃப் லைஃப் அலிக்ஸ் மாதிரி பெரிய ஆட்டத்துக்கு நல்ல பி.சி வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று மெட்டாவே சொல்கிறது.

தலைசுற்றல் வருமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தால் குமட்டுமா? அப்படியென்றால் யோசியுங்கள். பஸ்ஸில் உடம்பு ஆடுகிறது, கண் போனில் நிற்கிறது. வி.ஆரில் கண் ஓடுகிறது, உடம்பு நிற்கிறது. இரண்டும் ஒரே சண்டைதான். நின்ற இடத்திலேயே ஆடுகிற பீட் சேபர் போன்றவை பரவாயில்லை, ஓடிச் சுடுகிற கேம்தான் கஷ்டம்.

அப்போ யாருக்கு எது

வீட்டில் தம்பி தங்கச்சி இருக்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து ஆடவேண்டும், நெட் சுமார் என்றால் டிஸ்க் போடுகிற கன்சோல். கையில் எண்பதாயிரம்தான் இருந்தால் வெட்கப்படாமல் பழைய பி.எஸ்.4 ஸ்லிம் பாருங்கள். கிரிக்கெட் 24உம் எஃப்.சி 26உம் அதில் ஓடும், ஜி.டி.ஏ 6 மட்டும் அதற்கு வராது. அந்த டிஸ்க்குகளை நாளைக்குப் பி.எஸ்.5 வாங்கினாலும் போடலாம்.

படிக்கிற பிள்ளை, இல்லாவிட்டால் வீட்டிலிருந்து வேலை தேடுகிறவர் என்றால் பி.சி. லயத்தில் இடமும் எர்த்தும் இல்லை, கரண்ட் அடிக்கடி போகும் என்றால் பி.சிக்குப் பதில் லெப்டொப், கொஞ்சம் கிராபிக்ஸ் குறைந்தாலும் சரி.

வி.ஆர், ஏற்கெனவே இரண்டில் ஒன்று வைத்திருந்து, தனி அறையும் இருந்து, காசு மிச்சமும் இருக்கிறவருக்கு. முதல் பெட்டியாக அதை வாங்கின இரண்டு பேரை எனக்குத் தெரியும், இரண்டும் இப்போது அலுமாரிக்கு மேலே.

மேலே சொன்ன இரண்டு லட்சத்துத் தம்பி எதை எடுத்தான் என்று கேட்பீர்கள். வருடத்தில் பதினொரு மாதம் அவன் கொழும்பில், கடைக்கு மேலே நாலு பேரோடு ஒரு அறையில். "யார் வீட்ல இருக்கப்போகுது அந்தப் பெட்டி?" என்று மட்டும்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பழைய பி.எஸ்.4 ஸ்லிம் ஒன்றும் ஆறு டிஸ்க்கும் வாங்கி, லிந்துலையில் ஓ.எல் படிக்கிற தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சக் காசை சீட்டில் போட்டுவிட்டான். போன சனிக்கிழமை எனக்கு ஒரு தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தால் சின்னப் பையன் குரல்: "அண்ணே, நீங்கதான் சீடி மாத்துற அண்ணனா? கிரிக்கெட் இருந்தா ரெண்டரை பஸ்ல போட்டு விடுறீங்களா, நான் சந்தியில நிக்கிறேன்."